பொய்ச்சான்றும் ஆய்விதழின் கடமையும்

ஆய்விதழ் ஒன்று ஒரு கட்டுரையை வெளியிடும்போது, கட்டுரையாளரின் கூற்றைத் தேர்ந்தோர் ஆராய்ந்தனர் என்று வாசகருக்குச் சாட்சி பகர்கின்றது. அச்சாட்சிக்கு அடிப்படையான சான்று பொய்யெனத் தெளிந்தபின் இதழின் கடமை யாது? 1908ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'ஹார்வர்ட் தியாலஜிக்கல் ரெவ்யூ' இதழின் வரலாற்றில் இவ்வினா கூர்மையாக எழுந்தது.

2012 செப்டம்பரில் ரோமாபுரியில் கூடிய கொப்திய ஆய்வு மாநாட்டில், பேராசிரியர் கேரன் கிங் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உடைய பாப்பிரஸ் துண்டொன்றை அறிமுகப்படுத்தினார். இயேசு தம் மனைவியைக் குறித்துப் பேசுவதாக அதில் ஒரு வரி காணப்பட்டது. இயேசு மணம் புரிந்தார் என்பதற்கு இது வரலாற்றுச் சான்றாகாது என்று கிங் அன்றே தெளிவுபடுத்தியது பாராட்டத்தக்கது. ஆயினும் உரிமையாளரின் பெயர் வெளியிடப்படவில்லை. துண்டு கைமாறி வந்த வரலாறும் உரியவாறு ஆராயப்படவில்லை.

2014 ஏப்ரலில் கிங்கின் கட்டுரை அறிவியற் சோதனை முடிவுகளுடன் வெளியாயிற்று. பாப்பிரஸ் பழையது, மையும் பழங்கால மையை ஒத்தது என்பனவே அம்முடிவுகள். பழைய வெற்றுத் தாளின்மேல் இன்றைய மனிதனும் எழுதக்கூடும் என்பதால், இவை எழுத்தின் தொன்மையை நிலைநாட்டப் போதியன அல்ல. வாசகமோ வேறு கதை கூறிற்று. அது தோமாவின் நற்செய்தியிலிருந்து ஒட்டுப்போட்டு அமைக்கப்பட்டது என்று பிரான்சிஸ் வாட்சன் 2012லேயே காட்டியிருந்தார். அதே உரிமையாளரிடமிருந்து வந்ததும் அதே கையெழுத்தில் அமைந்ததுமான யோவான் நற்செய்தித் துண்டு, 1924இல் அச்சான பதிப்பொன்றின் வரிகளைப் பின்பற்றி எழுதப்பட்டது என்று கிறிஸ்டியன் அஸ்கலாந்து 2014இல் கண்டறிந்தார். 2016இல் ஏரியல் சாபர் என்னும் பத்திரிகையாளர் உரிமையாளரைத் தேடிக் கண்டு, அவர் கூறிய வரலாற்றின் பொய்மையை வெளிப்படுத்தினார். துண்டு போலியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று கிங்கும் ஒப்புக்கொண்டார்.

ஆயினும் இதழாசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. துண்டின் உண்மைத்தன்மை குறித்து இதழ் ஒருபோதும் தன் தீர்ப்பை வழங்கியதில்லை என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. துண்டு போலியே என வாதிட்ட லியோ டெப்யூட்டின் கட்டுரையும் அதே இதழில் இடம்பெற்றது. எனினும் இவ்வாதம் நம்மை நிறைவு செய்யவில்லை. தீர்ப்பு வழங்கவில்லை என்பது மெய்யாயினும், இதழின் நற்பெயரே அத்துண்டுக்கு மதிப்பளித்தது. மதிப்பை அளித்த கைக்கு அதை மீட்கும் பொறுப்பும் உண்டு.

1997இல் தோன்றிய வெளியீட்டு நெறிமுறைக் குழு வகுத்த வழிகாட்டுதல், முடிவுகள் நம்பத்தகாதன எனத் தெளிந்தால், காரணம் வஞ்சனையாயினும் நேர்மையான தவறாயினும், கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்கின்றது. இதன் முதன்மை நோக்கம் ஆய்வுப் பதிவைத் திருத்துவதே; ஆசிரியரைத் தண்டிப்பதன்று. ஆகவே ஏமாற்றப்பட்ட அறிஞரை இழிவுபடுத்தாமலே இதழ் தன் கடமையை நிறைவேற்றியிருக்கலாம். 'நியூ டெஸ்டமென்ட் ஸ்டடீஸ்' இதழ் 2015இல் போலிக்கான சான்றுகளைத் தொகுத்து வெளியிட்டது நற்பணியே. ஆனால் 2014ஆம் ஆண்டுத் தொகுதியை மட்டும் நூலகத்தில் எடுத்துப் படிக்கும் மாணவனை யார் எச்சரிப்பார்?

நம்மில் சிலர் இந்நிகழ்ச்சியைக் கண்டு, திருச்சபையின் மரபு வென்றது என மகிழக்கூடும். அம்மகிழ்ச்சி ஏற்புடையதன்று. நம் விசுவாசத்துக்கு அனுகூலமான துண்டு ஒன்று இவ்வாறு வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டிருப்போமா, அல்லது அடுத்த ஞாயிறே அதைப் பிரசங்கித்திருப்போமா? பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை, நமக்குச் சாதகமான சாட்சிக்கும் பொருந்தும். சான்றின் பிறப்பிடத்தை வினவுவதும், தவறு தெரிந்தவுடன் அச்சிட்ட இடத்திலேயே அதை அறிவிப்பதும் இறையியல் இதழ்கள் அனைத்திற்கும் உரிய கடமைகளாம்.