வாளும் கேடயமும்: கருப்பொருள் நோக்கில் ஒரு மதிப்பீடு

ஓர் ஆக்கத்தை அதன் முன்னோடிகளோடு ஒப்புநோக்கி மதிப்பிடுதல் திறனாய்வின் பழைய வழிகளுள் ஒன்று. காவியத்துக்கும் நாவலுக்கும் பொருந்தும் இவ்வழி, கையிற் பிடித்து ஆடும் கணினி விளையாட்டுக்கும் பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். இன்றைய இளைஞருட் பலர் கதைமாந்தரோடு பழகுவது அவ்விளையாட்டுகளிலேயே என்பதை ஏற்றுக்கொள்வோமாயின், அவற்றைத் திறனாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்துதல் முறையாகாது. நின்டெண்டோ சுவிட்ச் கருவிக்கென 2019 நவம்பரில் வெளிவந்த, போக்கிமொன் வரிசையின் 'வாள்', 'கேடயம்' என்னும் இரட்டை விளையாட்டை அதன் முன்னோடிகளோடு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விந்தை உயிர்களைத் தேடிப் பிடித்து வளர்த்துப் போட்டியில் இறக்குதல் இவ்வரிசையின் அடிப்படை. இதன் முதல் விளையாட்டுகளான 'சிவப்பு', 'பச்சை' ஆகியன 1996 இல் யப்பானில் கேம் போய் கருவிக்கென வெளிவந்தன. அவற்றில் இடம்பெற்ற உயிர்கள் 151. இவற்றை உருவாக்கிய சடோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரில் வண்டுகளும் பூச்சிகளும் சேகரித்து வளர்ந்தவர். குளங்களும் வயல்களும் கட்டடங்களாக மாறுவதைக் கண்ட அவர், தாம் துய்த்த தேடலின் இன்பத்தை அடுத்த தலைமுறைக்கு வழங்க விழைந்தார். ஆதலின், எந்த உயிர் எந்த நிலத்தில் வாழும் என்னும் அறிவே இவ்விளையாட்டின் உயிர்நாடியாயிற்று.

நிலத்தையும் உயிரையும் இணைத்து நோக்கும் அளவுகோல் தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமுரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒருங்கே வைக்கின்றது. விலங்கோடும் உணவோடும் தொழிலும் அங்கு எண்ணப்படுதல் கவனிக்கத்தக்கது. ஒரு நிலத்தின் உணவைச் சொல்லி, அதனை விளைவிக்கும் தொழிலைச் சொல்லாது விட்டால் அந்நிலத்தின் சித்திரம் நிறைவெய்தாது.

இவ்வளவுகோலின்படி உயர்ந்து நிற்பவை 1999 இல் வெளிவந்த 'பொன்', 'வெள்ளி' என்பனவாகும். புதிதாக 100 உயிர்கள் சேர்ந்தமையோ, பகலும் இரவும் மாறிவந்தமையோ மட்டும் அவற்றின் சிறப்பன்று. ஜோட்டோ என்னும் அந்நாட்டில் ஒரு பண்ணை உண்டு. அங்கே நோயுற்றுக் கிடக்கும் மில்டாங்க் என்னும் பசுவுக்கு ஏழு பழங்களை ஊட்டி நலமாக்கிய பின்னரே அப்பண்ணையின் பால் நமக்கு விலைக்குக் கிடைக்கும். ஓர் ஊரில் கரி சுடும் முதியவரும் அவருடைய ஏவலாளனும் உளர். அதே ஊரின் கிணற்றில் சுலோபோக் என்னும் சாதுவான உயிர்களின் வாலை ஒரு கொள்ளைக் கூட்டம் அறுக்கின்றது. அதற்கு முன்னரே, வழியில் ஒருவன் அத்தகைய வாலொன்றைப் பத்து இலட்சம் பணத்துக்கு விற்க முயல்வதைக் கண்டிருப்போம். கடைப்பொருளின் பின்னால் ஓர் உழைப்போ ஒரு வலியோ இருப்பதைச் சிறுவருக்கும் விளங்குமாறு அது காட்டிற்று.

'வாள்', 'கேடயம்' இரண்டின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. நாற்புறமும் பார்வையைத் திருப்பி நடக்கக்கூடிய பரந்த வெளியும், இடத்துக்கிடம் மாறும் காலநிலையும், புல்வெளியில் நேரே கண்ணுக்குத் தோன்றும் உயிர்களும் முன்னைய கருவிகளில் இயலாதவை. பழைய உயிர்கள் யாவற்றையும் கொண்டுவர இடமளியாது, தொடக்கத்தில் 400 உயிர்களை மட்டும் பட்டியலிட்டமையே இதன் பெருங்குறையென உலகெங்கும் ஆடுவோர் கண்டித்தனர். அது தொகை பற்றிய குறை. 2020 இல் வந்த விரிவாக்கங்கள் அதனை ஓரளவு தீர்த்தன. யான் கருதும் குறை வேறு.

இதன் களமான கலார், பிரித்தானியாவை மாதிரியாகக் கொண்டது. அங்கே சினிஸ்டீ என்னும் ஆவி, ஒருவர் குடித்து மீதம்விட்ட ஆறிய தேநீரிற் புகுந்து கோப்பையையே உடலாகக் கொள்கின்றது. அது எதிர்ப்படுவதோ காளான்கள் ஒளிரும் ஒரு காட்டில். அருமையான சில கோப்பைகளின் அடியில் மாத்திரம் அசல் என்பதற்கான முத்திரை உண்டு, ஏனையவை போலி. கோப்பையின் பிறப்பிடத்தை இத்துணை நுணுகி ஆராயும் விளையாட்டு, கோப்பைக்குள் இருக்கும் இலையின் பிறப்பிடத்தை ஒரு சொல்லாலேனும் கேட்கவில்லை. கூடாரத்தில் 151 வகைக் கறிகளைச் சமைக்க இடமுண்டு. அச்சுவை எங்கிருந்து வந்ததென்ற குறிப்பு இல்லை. கலாரில் உணவு உண்டு. அதனை விளைவித்த தொழில் இல்லை.

பிரித்தானியாவிற் பெருந்தேயிலைத் தோட்டங்கள் இல்லாதபோது கலாரில் மட்டும் அவை எவ்வாறு இருக்கும் எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் தேநீர் அங்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் மலைநாடெங்கும் தேயிலை பரவிற்று. கொழுந்து கொய்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் முன்னோர். அட்டனிலும் நுவரெலியாவிலும் அவர்தம் வழியினர் இன்றும் கூடை சுமக்கின்றனர். துறைமுகத்தில் இறங்கும் ஒரு பெட்டியோ, தொலைதூரத் தோட்டத்தை நினைவுகூரும் ஒரு பாத்திரமோ போதுமானதாயிருந்திருக்கும். பசுவின் நோயைக் காட்டிய மரபுக்கு இது இயலாததன்று.

இயலும் என்பதற்குப் பின்வந்த விளையாட்டே சான்று. 'ஸ்கார்லெட்', 'வயலட்' (2022) என்பவற்றுக்கு 2023 செப்டெம்பரில் வந்த விரிவாக்கத்தில் பொல்ச்சகைஸ்ட் என்னும் உயிர் தோன்றுகின்றது. தன் கலையை நிறைவுசெய்யாது இறந்த ஒரு தேநீர்க் கலைஞரின் மனக்குறை, யப்பானியத் தேயிலைத் தூளிற் குடிகொண்டதே அது. கலாரின் ஆவி குடித்தவர் விட்ட மீதியிற் பிறந்தது. இவ்வாவி தேநீரை ஆக்கியவரின் ஏக்கத்திற் பிறந்தது. இது தெளிவான வளர்ச்சி. எனினும் அவர் தேநீர் ஆக்கும் கலைஞரேயன்றிக் கொழுந்தெடுப்பவர் அல்லர்.

மலையக மக்கள் தம் வருகையின் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்ததும் அதே 2023 இலேயே. அவர்களின் பிள்ளைகளும் இவ்விளையாட்டுகளை ஆடுகின்றனர். தம் தாய் பறித்த இலையை அவர்கள் அங்கே யாரோ குடித்து வைத்த மிச்சமாகவே சந்திக்கின்றனர். ஆகவே, பரப்பிலும் காட்சியிலும் முன்னோடிகளை விஞ்சிய 'வாள்', 'கேடயம்', நிலத்தையும் தொழிலையும் இணைத்துக் காட்டும் திறனிற் 'பொன்', 'வெள்ளி'க்குப் பின்னிற்கின்றன என்பதே எமது முடிபாகும்.