சுவரில் ஒட்டிய காகிதம்

சீனத் தேநீரைப் பற்றி எழுதுகிறவர்கள் எட்டாம் நூற்றாண்டு லூ யூவில் ஆரம்பித்து, தண்ணீரின் தரம், கிண்ணத்தின் நிறம் என்று ஒரு சுத்தமான ரசனைக்குள் போய் ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் எனக்குப் பாதிச் சீனாதான் தெரிகிறது. மீதி, லாவோ ஷே 1957இல் வெளியிட்ட 'தேநீர் விடுதி' நாடகத்தில் இருக்கிறது.

பீக்கிங்கில் ஒரே விடுதி, மூன்று அங்கங்கள்: 1898, யுத்தப் பிரபுக்களின் காலம், ஜப்பான் தோற்ற பிறகு. கதை என்று ஒன்றுமில்லை. முதல் அங்கத்தில் பறவைக் கூண்டுகளோடு வந்து உட்காருகிறார்கள். அடிதடிக்குக் கிளம்பியவர்கள் தேநீர் குடித்துச் சமாதானமாகிறார்கள். அங்கேயே ஒரு குடியானவன் தன் மகளை அரண்மனை அண்ணகனுக்கு விற்க விலை பேசப்படுகிறது. எல்லாம் ஒரே உபசாரத்துக்குள் நடப்பதுதான் பயங்கரம். லாவோ ஷே குரலை உயர்த்துவதேயில்லை.

நாட்டு விவகாரம் பேசக்கூடாதென்று சுவரில் காகிதம். அங்கத்துக்கு அங்கம் அதன் எழுத்து பெரிதாகிறது. கடைசியில் பக்கத்தில் இன்னொன்று, காசை முதலில் வைக்கச் சொல்லி. சரித்திரத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய நாடகம் நான் அதிகம் படித்ததில்லை. மூன்றாம் அங்கத்தில் அயோக்கியர்களின் பிள்ளைகள் அப்படியே அப்பன் தொழிலில் வந்து நிற்பது மட்டும் சற்று மலிவு. ஆனால் மூன்று கிழவர்கள் சாவுக்கு இறைக்கும் காகிதக் காசைத் தங்களுக்குத் தாங்களே இறைத்துக்கொள்ளும்போது அதெல்லாம் மறந்துபோகிறது. பிறகு விடுதிக்காரர் வாங் லிஃபா உள்ளே போய்த் தூக்குப் போட்டுக்கொள்கிறார்.

1966 ஆகஸ்டில் செங்காவலர்களிடம் அடிபட்ட லாவோ ஷே, மறுநாள் வீட்டைவிட்டுப் போய், ஏரியில் பிணமாகக் கிடைத்தார். நாடகம் திரும்ப மேடையேற 1979 ஆயிற்று.