தூங்க விடாத ஒரு எண்

போன மாசம் என் லேப்டாப்பில் ஒரு விசித்திரம். ஆன் செய்து வேலை பார்க்கும்போது பேட்டரி நன்றாகவே தாங்கும். மூடியை ஒரு தடவை மூடித் திறந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் சும்மா வைத்திருந்தாலும் மளமளவென்று இறங்கும். ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி சரியாகிவிடும். பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கிப் போட்டேன். பணம் போனதுதான் மிச்சம். கடைசியில் மாட்டிய குற்றவாளி, வாங்கிய நாளிலிருந்து நான் ஒரு முறைகூடப் பயன்படுத்தாத மெமரி கார்டு ரீடர். மூடித் திறந்த பிறகு அது தூங்கவே மறுத்தது. அது விழித்திருப்பதால் அதற்கு மேலே இருக்கிற பிசிஐ போர்ட்டும் விழித்திருந்தது. அதனால் ப்ராசஸராலும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடியவில்லை.

அந்த டிரைவரை எழுதியவரைத் திட்டுவதற்காகத்தான் நிரலைத் திறந்தேன். படிக்கப் படிக்கக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது: லினக்ஸ் கெர்னலில் ‘ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்’ என்கிற ஏற்பாட்டின் மேல், குறிப்பாக அதிலிருக்கும் ஒரே ஒரு ஃபங்ஷன் மேல்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ வரையறை, சாதனங்களுக்கு டி0 முதல் டி3 வரை நிலைகள் வைத்தது. டி0 முழு விழிப்பு, டி3 ஆழ்ந்த தூக்கம். எழுப்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு பிசிஐ சாதனத்தை டி3-லிருந்து டி0-க்குக் கொண்டுவந்தால், மின்சாரம் துண்டிக்கப்படாத நிலையிலேயே 10 மில்லிசெகண்ட் பொறுத்திருக்க வேண்டும். நமக்கு அது ஒன்றுமில்லை, ப்ராசஸருக்கு அது ஒரு யுகம். ஆகவே எதை எப்போது தூங்க வைப்பது என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டும். 2009 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.32-ல் ரஃபேல் விசோட்ஸ்கி கொண்டுவந்த ஏற்பாடு இந்தக் கணக்கைப் பார்க்கிறது.

கணக்கு மிக எளிது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு எண். சாதனம் வேண்டும் என்பவர் ‘கெட்’ சொன்னால் எண் ஒன்று கூடும். வேலை முடிந்து ‘புட்’ சொன்னால் ஒன்று குறையும். எண் பூஜ்யத்தில் இருந்தால் தூங்கலாம், இல்லாவிட்டால் கூடாது. கடைசியாகப் போகிறவர் லைட்டை அணைத்துவிட்டுப் போகிற மாதிரிதான். எனக்கு இந்த அமைப்பு பிடிக்கும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, யார் எந்த வரிசையில் வந்தாலும் கணக்கு சரியாக வரும்.

ஆனால் ‘பிஎம் ரன்டைம் கெட் சிங்க்’ என்ற ஃபங்ஷனைப் பாருங்கள். இது எண்ணைக் கூட்டிவிட்டு, சாதனத்தை எழுப்பி, எழுந்ததா இல்லையா என்று பதில் சொல்லும். எழுப்ப முடியாமல் போனால் பிழை எண் ஒன்றைத் திருப்பித் தரும். கூட்டிய எண்ணை மட்டும் குறைக்காது.

ஒரு நூலகத்துக்குப் போகிறீர்கள். வாசலில் இருக்கும் ரெஜிஸ்டரில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போகப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. திரும்பி வந்துவிடுகிறீர்கள். ராத்திரி வாட்ச்மேன் ரெஜிஸ்டரைப் பார்க்கிறார், உள்ளே ஒருவர் இருப்பதாகக் கணக்கு. மெயினை அணைக்காமல் விட்டுவிடுகிறார். என் கார்டு ரீடரில் நடந்தது அப்படியே இதுதான்.

கெர்னலுக்குள் இருக்கிற மற்ற ஏற்பாடுகள் இப்படி நடந்துகொள்வதில்லை. க்ளாக்கை இயக்கச் சொல்லி அது தோற்றால், இயக்கியதாகக் கணக்கில் ஏறாது. ரெகுலேட்டரும் அப்படித்தான். பிழை என்று ஒரு ஃபங்ஷன் சொன்னால், அது செய்த அரைகுறை வேலையைத் தானே கலைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது கெர்னலில் எழுதாத சட்டம். அந்தப் பழக்கத்தோடு வருகிற ஆள், பிழை வந்ததும் நேராக வெளியே போய்விடுவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்த வடிவமைப்புக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பல டிரைவர்கள் திரும்பி வருகிற பதிலைப் பார்ப்பதே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை ஒரு கெட்டுக்கு ஒரு புட், அவ்வளவுதான் விதி. தோற்றால் எண் கூடாது என்று வைத்திருந்தால் அவர்கள் கணக்குதான் தப்பும். அதுவும் சும்மா தப்பாது, ஒன்று குறைந்து போய், யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே சாதனம் தூங்கிவிடும். அது இதைவிட மோசம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு பதிலை ஏன் திருப்பித் தர வேண்டும்? பதில் என்று ஒன்று வந்தால் மனுஷன் அதைப் பார்க்கத்தான் செய்வான். பார்த்தவர்களும் தப்பித்துவிடவில்லை. சாதனம் ஏற்கெனவே விழித்திருந்தால் இந்த ஃபங்ஷன் 1 என்று பதில் தரும். பூஜ்யம் இல்லாத எதையும் பிழையாக எடுத்துக்கொள்கிற பழக்கம் இருப்பவர் அங்கேயும் விழுவார்.

இன்னொரு வாதமும் கேட்கிறது. எழுப்பும்போது டிரைவரின் வேலை தோற்றால், கெர்னல் அந்தச் சாதனத்தில் பிழை முத்திரை குத்திவிடும். யாராவது நிலையைச் சரிசெய்யும் வரை அதைத் தொடாது. பிறகு எண் ஒன்றாக இருந்தால் என்ன, ஒன்பதாக இருந்தால் என்ன என்று. அந்தத் தோல்விக்கு இது பொருந்தும். ஆனால் எல்லாத் தோல்வியும் அந்த ரகம் இல்லை. லேப்டாப் முழுவதையும் தூங்க வைக்கும்போது, கடைசிக் கட்டங்களில் கெர்னல் ரன்டைம் ஏற்பாட்டைத் தற்காலிகமாக முடக்கிவைக்கும். அந்தச் சின்ன இடைவெளியில், தூங்குகிற சாதனத்துக்கு யாராவது கெட் சொன்னால் ‘அனுமதி இல்லை’ என்று பிழை வரும். முத்திரை எதுவும் விழாது. எண் மட்டும் கூடிவிடும். மூடியைத் திறந்ததும் ஏற்பாடு மறுபடி உயிர் பெறும், கூடிய எண் அப்படியே கிடக்கும். கார்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற ஒரு சின்ன வேலை என் டிரைவரில் சரியாக அந்த இடைவெளியில் ஓடியிருக்கிறது. மூடித் திறந்த பிறகு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைத்த அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

2020-ல் இந்த ஒரே தப்பைத் திருத்தும் பேட்ச்கள் சாரி சாரியாக வந்தன. கிராஃபிக்ஸ், மீடியா, ஐ2சி என்று பாகுபாடே இல்லை. எல்லாவற்றின் விளக்கமும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: பிழை வந்தாலும் எண் கூடும், ஆகவே குறைக்க வேண்டும். இத்தனை பேர் ஒரே பள்ளத்தில் விழுந்தால் அப்புறம் விழுந்தவர்களைச் சொல்லிப் பயனில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 5.10-ல், தோற்றால் எண்ணைத் தானே குறைத்துக்கொள்கிற ‘ரெஸ்யூம் அண்ட் கெட்’ என்ற புது ஃபங்ஷன் சேர்ந்தது. அதன் வேலை சில வரிகள்தான். அதற்குப் பதினோரு வருஷம் ஆனது. பழையதும் அப்படியே இருக்கிறது, பதிலைப் பார்ப்பவர்கள் புதியதைப் பயன்படுத்தலாம் என்ற ஒரு குறிப்போடு. என் டிரைவர்காரர் அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை.

என்னுடைய பெரிய குறை இதுகூட இல்லை. அந்த எண்ணுக்குப் பெயர் கிடையாது. கெர்னலை உரிய டீபக் தேர்வோடு கட்டியிருந்தால், சிஸ்எஃப்எஸ்ஸில் ‘ரன்டைம் யூசேஜ்’ என்று ஒரு கோப்பு தெரியும். அதில் எண் 1 என்று காட்டும். யாருடைய 1? சொல்லாது. எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் இப்போதெல்லாம் கெர்னல் எச்சரிக்கை எழுதுகிறது. மேலேயே தங்கிவிட்டால் மௌனம். ஒரு விதத்தில் அதைக் குறை சொல்லவும் முடியாது, நியாயமாக வேலை நடக்கும்போதும் எண் மேலேதான் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து இது நியாயமா கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் இருந்தால் முடியும்.

2009, 2010-ல் ஆண்ட்ராய்டின் ‘வேக்லாக்’ பற்றிக் கெர்னல் ஆட்களிடையே பெரிய சண்டை நடந்தது. ஆண்ட்ராய்டு தரப்பு கேட்டது அப்படியே உள்ளே வரவில்லை. அந்த மறுப்பில் பாதிக்கு நான் இன்றும் கை தூக்குவேன். ஆனால் வேக்லாக் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதன் சாயலில் பிறகு கெர்னலுக்குள் வந்த ‘வேக்கப் சோர்ஸ்’ பட்டியலைத் திறந்தால், மொத்த இயந்திரத்தையும் தூங்க விடாமல் பிடித்திருப்பவர் யார், எவ்வளவு நேரமாக என்று வரிசையாகக் காட்டும். ஒரு தனிச் சாதனத்தைப் பிடித்திருப்பவரைப் பற்றி அப்படி ஒரு பட்டியல் இல்லை. இது இல்லாமல் தவித்துத்தான் இன்டெலின் ஐ915 கிராஃபிக்ஸ் டிரைவர் ஆட்கள் 2019-ல் தங்களுக்கென்று ஒரு டீபக் வசதி எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு கெட்டும் நிரலின் எந்த வழியாக வந்தது என்று அது குறித்துவைக்கும். நெட்வொர்க் பகுதிக்காக எழுதப்பட்ட பொதுவான ரெஃபரன்ஸ் ட்ராக்கர் ஒன்றும் கெர்னலில் இருக்கிறது. ஐ915 பின்னர் அதற்கே மாறிவிட்டது. ரன்டைம் ஏற்பாட்டின் நடுவிலேயே, டீபக் சமயத்தில் மட்டுமாவது அதைப் பொருத்தியிருந்தால் என் டிரைவரின் பெயர் முதல் நாளே வந்திருக்கும். ஒவ்வொரு கெட்டுக்கும் கூடுதல் நினைவகம் செலவாகும் என்பார்கள். ஆகட்டும், டீபக் செய்பவர்தானே கொடுக்கப் போகிறார்.

டிரைவரில் நான் மாற்றியது ஒரே வரி, கெட் சிங்க் இருந்த இடத்தில் ரெஸ்யூம் அண்ட் கெட். தயாரிப்பாளருக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. அதுவரை ஒவ்வொரு முறை கெர்னல் புதுப்பிக்கும்போதும் நானே டிரைவரைக் கட்டிக்கொள்கிறேன். மூடித் திறந்த பிறகு அந்தக் கோப்பை எட்டிப் பார்க்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று காலை பார்த்தேன், பூஜ்யம்.