அகதாவின் அப்பா யார்?

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கூடவே ராஜமூலத்தையும் சேர்த்திருக்கலாம்.

என்னோடு பல வருஷம் ஒரே ப்ராஜெக்டில் வேலை பார்த்த ஆங்கிலேயர் ஒருவர், ஓய்வு பெற்ற பிறகு குடும்ப மரம் வரைவதில் இறங்கிவிட்டார். போன மாதம் தன்னுடைய மரத்தை ஜெட்காம் கோப்பாக அனுப்பி, ஒருதடவை சரிபார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பேரனின் பிறந்தநாளுக்கு அதை அச்சடித்து ஃப்ரேம் போட்டுக் கொடுக்கப் போகிறாராம். கீழே பேரன். உச்சியில் கீவ் நகரத்து அரசர் யாரோஸ்லாவ். நடுவில் சுமார் ஆயிரம் வருஷம்.

முதலில் எது சரி என்று சொல்லிவிடுகிறேன். தன் குடும்பத்திலிருந்து இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் வரைக்கும் ஞானஸ்நானப் பதிவு, உயில் என்று பொறுமையாகத் தேடிச் சேர்த்திருக்கிறார். அங்கே எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் எழவில்லை. மூன்றாம் எட்வர்டுக்கு மேலே போவது இன்னும் சுலபம். இரண்டாம் எட்வர்ட், முதலாம் எட்வர்ட், மூன்றாம் ஹென்றி, ஜான், இரண்டாம் ஹென்றி, அவர் அம்மா பேரரசி மெட்டில்டா, அவர் அம்மா அரசி மெட்டில்டா, அவர் அம்மா ஸ்காட்லாந்தின் புனித மார்கரெட், அவர் அம்மா அகதா. ஒன்பது படி. ஒன்பதும் கெட்டி. ஐரோப்பிய வரலாற்றில் இதைவிட உறுதியான ஏணி கிடைப்பது கஷ்டம்.

பத்தாவது படியில் கால் வைத்தால்தான் காற்று. அகதாவின் அப்பா யார் என்று யாருக்கும் தெரியாது.

அகதாவின் கணவர் எட்வர்ட், நாடு கடத்தப்பட்டவர் என்ற அடைமொழியோடு அறியப்படுபவர். 1016-ல் அவருடைய அப்பா எட்மண்ட் அயர்ன்சைட் இறந்து டேனிஷ் அரசன் கனூட் இங்கிலாந்தைப் பிடித்தபோது இவர் கைக்குழந்தை. நாட்டை விட்டு அனுப்பப்பட்டு, கடைசியில் ஹங்கேரியில் வளர்ந்த ஆளாக நிற்கிறார். 1057-ல் வாரிசு என்று அழைத்தார்கள். மனைவி, மூன்று பிள்ளைகளோடு வந்து இறங்கியவர், வந்த வேகத்திலேயே இறந்துபோனார். அந்த மனைவிதான் அகதா. எந்த ஊர், எந்தக் குலம் என்று நமக்குச் சொல்ல ஒரு கல்யாணப் பத்திரமும் இல்லை. இருப்பது சாட்சிகள்தான். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி பேசுகிறது.

ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டின் ஒரு பிரதி, அவள் பேரரசரின் உறவுக்காரி என்கிறது. வூஸ்டர் ஜான், பேரரசர் ஹென்றியின் சகோதரர் மகள் என்கிறார், ஆனால் எந்த ஹென்றி என்று சொல்லவில்லை. மாம்ஸ்பரி வில்லியம், ஹங்கேரி ராணியின் தங்கையோ அக்காவோ என்கிறார். எட்வர்டின் சட்டங்கள் என்ற பெயரில் 12-ஆம் நூற்றாண்டில் தொகுத்த நூல், எட்வர்ட் ரஷ்ய நிலத்துக்குப் போய் அங்கேயே உயர்குலப் பெண்ணைக் கட்டினார் என்கிறது. ஆர்டெரிக் விட்டாலிஸ் ஒரு படி மேலே போய், ஹங்கேரி அரசர் சாலமனின் மகள் என்கிறார். சாலமன் பிறந்தது 1053. அகதாவின் மகள் மார்கரெட் பிறந்தது ஏறக்குறைய 1045. தாத்தா பேத்தியைவிட எட்டு வயது சின்னவர்! ஒரு சாதாரண தேதிச் சோதனையிலேயே விழுந்துவிடுகிற சாட்சி இது.

மற்றவற்றை அப்படிச் சுலபமாகத் தள்ள முடியாது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் அறுபது வருஷமாக மல்லுக்கட்டுகிறார்கள்.

1962-ல் சாபோல்ச் டி வாயே ஜெர்மானிய வழியை வலுவாக எழுதினார். பேரரசர் மூன்றாம் ஹென்றிக்கு உடன்பிறந்த சகோதரன் வளர்ந்து ஆளானதாகத் தெரியவில்லை. ஆனால் அம்மா கிசெலாவின் முந்தைய கல்யாணத்தில் பிறந்த லியுடால்ஃப் இருந்தார். அகதா அவர் மகள் என்பது வாயே கட்சி. குறிப்பேடும் வூஸ்டர் ஜானும் இதில் அழகாகப் பொருந்துகிறார்கள். மாம்ஸ்பரி வில்லியம் சொல்லும் ஹங்கேரி ராணிக்கு மட்டும் இதில் இடமில்லை. அவர் குழப்பிக்கொண்டார் என்று சொல்லித்தான் தாண்ட வேண்டும்.

1996-ல் கியூபெக்கைச் சேர்ந்த ரெனே ஜெட்டே எதிர்ப்பக்கம் வந்தார். யாரோஸ்லாவின் மகள் அனஸ்தாசியா ஹங்கேரி அரசர் ஆண்ட்ரூவின் ராணி. அப்படியானால் ராணியின் சகோதரி அகதாவும் யாரோஸ்லாவின் மகள். இதில் மாம்ஸ்பரி வில்லியமும் சட்ட நூலும் பொருந்துகிறார்கள். அகதா என்ற கிரேக்கப் பெயரும் கீவுக்கு இயல்பாக இருக்கிறது. இப்போது உதைப்பது பேரரசரின் உறவு. அதற்குச் சுற்றிவளைத்து விளக்கம் தர வேண்டியிருக்கிறது. 2003-ல் இயன் ம்லாஜோவ் பல்கேரிய அரச குடும்பத்துக்குப் போனார். அங்கே அகதா என்ற பெயரிலேயே ஒரு ராணி இருந்தாள் என்பது அவருடைய பெரிய பலம். ஹங்கேரி ஸ்டீஃபனின் மகள் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஸ்டீஃபன் 1038-ல் வாரிசில்லாமல் இறந்து நாடே சண்டையில் கிடந்தபோது, மருமகன் ஒருவன் பெயரை யாருமே எடுக்கவில்லையே?

என் விமர்சனம் இங்கேதான். இவர்கள் எல்லாரும் என்னைவிட நூறு மடங்கு படித்தவர்கள், லத்தீன் தெரிந்தவர்கள். இருந்தாலும் எல்லார் வாதமும் ஒரே வடிவத்தில் இருக்கிறது. பிடித்த சாட்சியை எழுத்துக்கு எழுத்து நம்புகிறார்கள், பிடிக்காத சாட்சியை 'தவறாகக் கேட்டிருப்பார்' என்று அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு உவமை உண்டு: டெஸ்ட் டேட்டாவைத் திருத்தி டெஸ்டை பாஸ் பண்ண வைப்பது.

இரண்டு இடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒன்று, பெயர்கள். மார்கரெட்டின் முதல் நான்கு மகன்கள் எட்வர்ட், எட்மண்ட், எதெல்ரெட், எட்கர். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா என்று தன் அப்பா வழியை வரிசை மாறாமல் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அலெக்சாண்டர், டேவிட். கீவ் கட்சிக்காரர்கள் இந்த இரண்டையும் பிடித்துக்கொள்கிறார்கள். யாரோஸ்லாவின் சகோதரர் க்லெப்பின் ஞானஸ்நானப் பெயர் டேவிட்தான். சரி, ஆனால் டேவிட் விவிலியத்திலும் இருக்கிறார். அந்தக் காலத்தில் அலெக்சாண்டர் என்று ஒரு போப்பும் இருந்தார். இரண்டு பக்கமும் சாயக்கூடிய தராசு முள்ளை வைத்து எடை போட முடியாது.

இரண்டாவது, மௌனம். பிரேமன் நகரத்து ஆதாம் 1070-களில் எழுதியவர். யாரோஸ்லாவின் மகள்களைக் கட்டியவர்கள் நார்வேயின் ஹரால்ட், ஹங்கேரியின் ஆண்ட்ரூ, பிரான்சின் ஹென்றி என்று அவர் நூலில் இருக்கிறது. எட்மண்டின் மகன்கள் ரஷ்யாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள் என்றும் அதே நூலில் இருக்கிறது. இரண்டும் ஒரே நூலில் இருந்தும், அவர்களில் ஒருவன் யாரோஸ்லாவின் மருமகன் என்ற வரி மட்டும் இல்லை. மௌனம் நிரூபணம் ஆகாதுதான். ஆனால் ஜெட்டேயின் கட்சியை 'தீர்ந்தது' என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்த மௌனத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு பக்கம், மாம்ஸ்பரி வில்லியத்தையும் சுலபமாக ஒதுக்க முடியாது. அவர் அந்த வரலாற்றை எழுதத் தொடங்கியதே அரசி மெட்டில்டாவின் விருப்பத்தால். அகதாவின் சொந்தப் பேத்தி அவள். அவ்வளவு பக்கத்தில் இருந்தவர் ராணியின் சகோதரி என்கிறார், ஆனால் அப்பா பெயரைச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த இடம் இதுதான். ஆக, ஜெர்மானிய வழியும் கீவ் வழியும் பிழைத்து நிற்கின்றன. இரண்டுமே முடிவாகவில்லை.

இவ்வளவும் என் நண்பரின் மரத்தில் எப்படித் தெரிகிறது? 'தந்தை: யாரோஸ்லாவ்'. அவ்வளவுதான். ஆதாரம் என்ற இடத்தில் இன்னொருவர் போட்ட மரம். அதற்கு ஆதாரம் மூன்றாவது மரம். நகலெடுக்க நகலெடுக்க சாட்சி கூடுவது மாதிரி தோன்றும், உண்மையில் ஒரு சாட்சிகூடக் கூடவில்லை. இதற்கு ஃபார்மேட்டைக் குறை சொல்ல முடியாது என்பது வேடிக்கை. ஜெட்காமில் ஆதாரத்தின் தரத்தை 0 முதல் 3 வரை குறிக்க இடம் இருக்கிறது. பெற்றோர் உறவை 'சர்ச்சைக்குரியது' என்று குறிக்கவும் 5.5.1 பதிப்பில் வழி இருக்கிறது. ஆனால் பயனர் பார்ப்பது காலிக் கட்டத்தைத்தான். காலிக் கட்டம் கையை அரிக்கும். டேட்டாபேஸில் வெற்று மதிப்பு ஒரு குறைபாடு இல்லை, அதுவும் ஒரு தகவல்தான் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவன் நான். குடும்ப மரத்திலும் அதே கதை. யூகத்தை அதில் ஏற்றிவிட்டால், அங்கே ஒரு கேள்வி இருந்ததே அடுத்த ஆளுக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்த அரிப்பு புதிதும் இல்லை. டென்பி பிரபுக்களான ஃபீல்டிங் குடும்பம் ஹாப்ஸ்பர்க் வம்சம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டது. வரலாற்றாசிரியர் கிப்பனே அதை நம்பினார். 1901-ல் ஹோரஸ் ரவுண்ட் அந்த ஆவணங்கள் போலி என்று காட்டினார். அகதா விஷயத்தில் போலி ஆவணம் எதுவும் இல்லை. நல்ல யூகம் உண்மையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். போலியைவிட இதைப் பிடிப்பது கஷ்டம்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். நண்பர் ஒரே வரியில் கேட்டார்: அப்போ கீவ் போச்சா?

போகவில்லை என்றுதான் பதில் போட்டேன். முப்பது தலைமுறை பின்னால் போனால் மரத்தில் 107 கோடி இடங்கள் வரும். அன்றைக்கு உலகம் முழுக்கவே அத்தனை பேர் கிடையாது. அதாவது ஒரே ஆட்கள் ஆயிரக்கணக்கான கிளைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போனால் ஐரோப்பியர்கள் பெரும்பாலும் ஒரே மூதாதைகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று 2013-ல் ரால்ஃபும் கூப்பும் மரபணு ஆய்விலேயே காட்டினார்கள். யாரோஸ்லாவ் அவருக்கு ஏதோ ஒரு வழியில் தாத்தாவாக இருப்பதற்கு வாய்ப்பு மிக மிக அதிகம். அவர் வீட்டுக்குப் பால் ஊற்றியவருக்கும் அதே வாய்ப்பு. இரத்தம் ஏறக்குறைய உறுதி. இந்த ஒரு வழி மட்டும் நிரூபணமாகவில்லை. ஆனால் குடும்ப மரம் என்பது வழியைச் சொல்வதுதானே?

அகதாவோடு நிறுத்துங்கள், மேலே ஒரு காலிக் கட்டம் விடுங்கள், பக்கத்தில் அந்த ஐந்து சாட்சிகளையும் சின்ன எழுத்தில் போடுங்கள் என்று யோசனை சொன்னேன். பையன் வளர்ந்து என்றைக்காவது அதைப் பார்த்து 'இது ஏன் காலியா இருக்கு' என்று கேட்டால், ராஜா பெயரைவிட அந்தக் கேள்வி அவனுக்குப் பெரிய சொத்து. ஆனால் சுவரில் மாட்டும் பரிசில் உச்சிக் கட்டம் காலியாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று தாத்தா யோசிப்பதும் எனக்குப் புரிகிறது.

பிறந்தநாளுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. எந்தப் பிரதியை ஃப்ரேம் போடப் போறார்னு அவர் இன்னும் சொல்லலை.