நீற்றறையில் வெந்தவர்கள்

பெரியபுராணத்தில் இரண்டு பேர் நெருப்புக்குள் போகிறார்கள். ஒருவர் அப்பர். பல்லவ மன்னன் அவரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், போட்டு மூடுகிறான். ஏழு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. போனபடியே வெளியே வருகிறார். இன்னொருவர் நந்தன். தில்லைக்குள் போக வேண்டுமானால் தீயில் இறங்கு என்கிறார்கள். இறங்குகிறார். வெளியே வருவது நந்தன் இல்லை. பூணூலும் சடையுமாய் யாரோ ஒரு முனிவர் வருகிறார். வேளாளர் உடம்பை நெருப்பு அப்படியே திருப்பித் தருகிறது. நம்ம ஆள் உடம்பை அது வைத்துக்கொள்கிறது.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பாடம் நடத்துவார்கள். இரண்டுக்கும் பக்திச் சுவை என்று ஒரே தலைப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறபோது எனக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி வருகிறது. அந்த நீற்றறைக்குக் கல் உடைத்துப் போட்டது யார்? காளவாயில் கல்லையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுக் கொளுத்த வேண்டும். வெந்த கல்லை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து நீற்ற வேண்டும். தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும். கையிலே பட்டால் தோல் உரியும், கண்ணிலே தெறித்தால் பார்வை போகும். கோயில் மதிலும் அரண்மனையும் வெற்றிலைக்குத் தடவுவதும் எல்லாம் அந்த வேக்காட்டிலிருந்துதான் வந்தன. சுட்டவர்கள் எந்தச் சாதியாகவும் இருக்கட்டும், சேக்கிழாருக்கு அவர்கள் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவை வேகாத ஓர் உடம்பு மட்டும்தான்.

பழங்கதை இல்லை இது. கல்லக்குடியிலிருந்து அரியலூர் வரைக்கும், அதைத் தாண்டியும், இன்றைக்கும் பெரிய பெரிய நீற்றறைகள் எரிந்துகொண்டிருக்கின்றன. சிமெண்டுச் சூளைக்குள் 1450 டிகிரிச் சூடு. ஒரு டன் சிமெண்டுக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் போக வேண்டும். 100 கிலோ சுத்தச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாய் மேலே போய்விடும். மேலே போவதைப் பற்றிப் பேச உலக மாநாடுகள் இருக்கின்றன. கீழே தங்குகிற தூசியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். இந்தப் பக்கத்து ஊர்க்காரன் என்கிற முறையிலும், தமிழ் படித்தவன் என்கிற முறையிலும் எனக்குள்ள புகார் ஒன்றுதான். இந்த மண்ணைப் பற்றித் தமிழில் நிறைய ஞாபகங்கள் இருக்கின்றன. அந்த ஞாபகங்களில் கல் வெட்டியவனும் கூடை சுமந்தவளும் இல்லை.

கல்லக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ல் டால்மியா சிமெண்டு ஆலை அங்கே வந்தது. ஊர் டால்மியாபுரம் ஆனது. 1953 ஜூலையில் தி.மு.க. மும்முனைப் போராட்டம் நடத்தியபோது அதில் ஒரு முனை இந்தப் பெயர். கருணாநிதி ரயில் நிலையப் பலகையில் கல்லக்குடி என்று ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார், சிறைக்குப் போனார். கண்ணதாசனும் போனார். ஒருவர் 'நெஞ்சுக்கு நீதி' எழுதினார், ஒருவர் 'வனவாசம்' எழுதினார். நாம் இரண்டையும் எதற்குப் படிக்கிறோம்? யார் வீரம் பெரிது என்ற வழக்குக்குத்தான். வடநாட்டு முதலாளியின் பெயர் தமிழன் ஊருக்கு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் சுரங்கம் இருந்தது, சுரங்கத்துக்குப் பக்கத்தில் சேரி இருந்தது. பெயர் மாறியபோது தூசி மாறியதா என்று எழுபது வருசமாக எந்த மேடையிலும் கேட்டதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் ரயில் நிலையப் பலகை மாறிவிட்டது. நிலவியல் புத்தகத்தில் அங்குள்ள பாறை அடுக்குக்குப் பெயர் இன்னும் டால்மியாபுரம்தான். மண்ணுக்குக் கீழே போராட்டம் எட்டவில்லை.

அடுத்தது பழுவூர். 'பொன்னியின் செல்வன்' படங்கள் 2022-லும் 2023-லும் வந்தபோது கீழப்பழுவூர், மேலப்பழுவூர்ப் பக்கம் கார் கட்டிக்கொண்டு வந்தார்கள். பழுவேட்டரையர் ஊர் இதுவா, கோட்டை எங்கே என்று கேட்டார்கள். வழியில் கல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். ரோட்டோரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கு ஏற்றிக்கொள்ளக் கண்ணாடி கிடையாது. சோழர் பெருமைக்கு அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. கல்லில் வெட்டினவன் எழுதி வைத்ததைக்கூடத் தொடர்கதை வாசகன் பார்க்காமல் போகிறான்.

கடலையும் பார்க்க வருகிறார்கள். பல கோடி வருசத்துக்கு முன்னால், கிரெட்டேசியஸ் காலத்தில், இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பியும் நத்தையும் படிந்துதான் சுண்ணாம்புக்கல் ஆனது. கல்லங்குறிச்சி, சில்லக்குடி, ஒட்டக்கோவில் என்று நம்ம ஊர்ப் பெயர்களை உலகத்து நிலவியல்காரர்கள் உச்சரிக்கிறார்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 12 கோடி வருசத்துக் கல்மரம் இருக்கிறது, 1940-ல் கண்டுபிடித்தது. நல்லது, எல்லாம் காப்பாற்ற வேண்டியவைதான். ஆனால் கல்லாகிப்போன மரத்தைச் சுற்றி வேலி போட்ட சர்க்கார், தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கு ஏன் வேலி போட வைக்கவில்லை? கல் தீர்ந்த குழியில் மழைத்தண்ணீர் நிற்கும். செங்குத்தான கரை. ஆடு இறங்கினால் ஏறாது, அதைப் பிடிக்கப் போன பிள்ளையும் ஏறாது. மூடுதிட்ட அறிக்கைகளில் இதற்குப் பெயர் நீர்த்தேக்கம்.

நம்முடைய பசுமை இலக்கிய விமரிசகர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. எதற்கெடுத்தாலும் ஐந்திணை என்கிறார்கள். சுரங்கம் எந்தத் திணை? ஒரு கருத்தரங்கில் கேட்டேன், நவீனப் பாலை என்றார் ஒரு பேராசிரியர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பாலை வெயில் காய்ந்து ஆவது. இது குத்தகை போட்டு ஆனது. யார் நிலம், எந்த வருசம், ஏக்கர் என்ன விலை, கையெழுத்துப் போட்டவன் யார் என்றெல்லாம் தாலுகா ஆபீசில் காகிதம் உண்டு. திணை என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் காகிதம் மறைந்துவிடுகிறது, இயற்கையாகிவிடுகிறது. 1892-ல் நமக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எங்கெங்கே எவன் கைக்குப் போனது என்று கேட்டதற்காகத்தான் 1994-ல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் சுடப்பட்டுச் செத்தார்கள். சுரங்க எல்லைக்குள் வந்த ஒவ்வொரு புல எண்ணுக்கும் அதே கேள்வியைப் பழைய பதிவேட்டை வைத்துக் கேட்க வேண்டும். எந்தத் திணைக் கோட்பாட்டையும்விட அந்தப் பதிவேடு எனக்கு முக்கியமான இலக்கியம்.

அரியலூர் மண்ணும் கரிசல்தான். பருத்தியும் சோளமும் விளைகிற மண். கரிசல் இலக்கியம் என்றால் கோவில்பட்டியோடு நின்றுவிடும், இந்தக் கரிசலை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கம்பெனிக்காரர்கள் மட்டும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லுக்கு மேலே கிடக்கிற மண்ணை 'ஓவர்பர்டன்' என்பார்கள். தமிழ்ப்படுத்திய அறிக்கைகளில் 'மேற்சுமை' என்றும் 'கழிவு மண்' என்றும் வரும். சோறு போட்ட மண் சுமையாகிறது, கழிவாகிறது. அதை வாரி ஒரு பக்கமாய் மலைபோலக் குவிக்கிறார்கள். காற்றடித்தால் அந்தக் குவியல் காலனிப் பக்கம் பறக்கிறது. மழை பெய்தால் ஓடையை அடைக்கிறது. குழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் ஊற்று பீறிடும், அதை ராப்பகலாக இறைத்து வெளியே விடுவார்கள், சுற்று வட்டாரக் கிணறு கீழே போகும். இதற்கும் அறிக்கையில் ஒரு வாக்கியம் வைத்திருப்பார்கள்: குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. யார் குறிப்பிடத் தக்கது? குறிப்பிட வேண்டியவனைக் கேட்டார்களா?

கேட்பதாகத்தான் சட்டம் சொல்கிறது. 2006-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும். அந்தத் தமிழை நான் படித்திருக்கிறேன். தொல்காப்பியத்துக்கு உரை இருக்கிறது, இதற்கு இல்லை. கூட்டத்தில் நம்ம பொம்பளைங்க எழுந்து "மூச்சு வாங்குதுங்கய்யா" என்று சொல்வதைக் குறிப்பெடுக்கிறவர், 'மரம் நடக் கோரிக்கை' என்று எழுதிக்கொள்வார். எந்த மொழிபெயர்ப்பு வகுப்பிலும் இப்படிச் சொல்லித் தரமாட்டார்கள். காற்றில் நுண்தூசி 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்' என்பார்கள். 10 மைக்ரான் தூசிக்கு நம் நாட்டு 2009 அளவு ஒரு நாளைக்குக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 45. நடுவில் இருக்கிற 55 மைக்ரோகிராமை யார் நெஞ்சு வாங்கிக்கொள்கிறது? அளக்கிற கருவி கம்பெனி கேட்டுப் பக்கமா, காலனிப் பக்கமா? இதைக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும்.

நெஞ்சு விசயத்துக்கு வருகிறேன். சுண்ணாம்புத் தூசி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், இருமல் வரும். அதைவிடக் கொடியது அதோடு கலந்து வருகிற சிலிக்கா. மேலடுக்கு மணல்பாறையிலும் கல்லின் இடையிலும் அது இருக்கிறது. துளை போடும்போதும் வெடி வைக்கும்போதும் கிரஷரில் நொறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். சுற்றிலும் தழும்பு கட்டும். பெயர் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து, இருபது வருசம் கழித்துத்தான் தெரியவரும். வேலையை விட்டாலும் அது விடாது. குணமாக்க மருந்து கிடையாது. அது வந்த நெஞ்சில் காசநோய் சீக்கிரம் தொற்றும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும்.

என் பெரியப்பா ஒரு சுரங்கத்தில் காண்டிராக்டர்கள் மாற மாற இருபது வருசத்துக்கு மேல் துளை போட்டார். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வார், அதுதான் முகமூடி. இரண்டு தடவை காசநோய் அட்டை போட்டு ஆறாறு மாசம் மாத்திரை தின்றார். என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரு டாக்டரும் கேட்கவில்லை. செத்த பிறகு நஷ்டஈடு கேட்டுப் போனோம். வேலை பார்த்ததற்கு அத்தாட்சி என்ன என்றார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. 1952 சுரங்கச் சட்டமும் 1955 விதிகளும் ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றன, தொழில்நோய் வந்தால் தகவல் தர வேண்டும் என்றன. பதிவேட்டிலேயே இல்லாதவனை யார் பரிசோதிப்பது? பெரியம்மா அந்த ஆபீசில் சத்தமாகவே சொன்னாள்: "அத்தாட்சி அவரு நெஞ்சுக்குள்ளதான்யா இருந்துச்சு. பொதைச்சிட்டோமே."

தலித் இலக்கியத்தில் தன்வரலாறு அதிகம், கலை குறைவு என்று பேசினவர்களுக்கு இந்த இடத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கருக்கு' 1992-ல் வந்தபோது தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. வெறும் வாக்குமூலம் என்றார்கள். வாக்குமூலம் எங்களுக்கு வெறும் சரக்கு இல்லை. பதிவேடு இல்லாதவனுக்கு அதுதான் பதிவேடு. தேயிலைத் தோட்டத்துச் சாவுகளை டாக்டர் பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியிருக்காவிட்டால், இரா. முருகவேள் 2007-ல் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்காவிட்டால், ஆனைமலையில் செத்தவர்கள் வெறும் எண்ணிக்கையாகப் போயிருப்பார்கள். (பாலாவின் 'பரதேசி' 2013-ல் டாக்டரை ஆட்டம் போட்டு மதம் மாற்றுகிறவராக ஆக்கியது தனியாகத் திட்ட வேண்டிய விசயம்.) உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதினார். கட்டடத் தொழிலாளிகளுக்குத் திலகவதியின் 'கல்மரம்' இருக்கிறது, 2005-ல் சாகித்திய அகாதெமிப் பரிசும் வாங்கியது. அந்தக் கட்டடத்துக்குச் சிமெண்டு வந்த குழிக்கு அப்படி ஒரு நாவல் வர வேண்டும். வரும்வரை காத்திருக்க நெஞ்சு தாங்காது.

ராஜஸ்தானில் கல் உடைக்கிறவர்கள் பல வருசம் போராடி 2019-ல் ஒரு கொள்கையையே வாங்கினார்கள். சிலிக்கோசிஸ் என்று சான்று கிடைத்தால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். இங்கேயும் பணம் இல்லாமல் இல்லை. 2015 சட்டத் திருத்தத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதம் அதில் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட சனங்களுக்கான பணம் அது. குடிநீரும் மருத்துவமும் அதில் முதல் வரிசைச் செலவு. அந்தப் பணத்தில் காலனி காலனியாக எக்ஸ்ரே எடு, நுரையீரல் படித்த டாக்டரைக் கொண்டுவந்து உட்கார வை என்று கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தை நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே தோழர்களே, கவிதை எழுதுகிறவர்கள் எழுதுங்கள், கூடவே இதையும் எழுதுங்கள்: எந்த வருசம் வேலைக்குப் போனார், எந்தக் குழி, காண்டிராக்டர் யார், துளை போட்டாரா வெடி வைத்தாரா கூடை சுமந்தாரா, தண்ணீர் தெளித்துத் துளைத்தார்களா வறட்டுத் துளையா, கூட வேலை பார்த்து உயிரோடு இருக்கிறவர் யார், எந்த வருசத்து எக்ஸ்ரே கையில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர் ஒரு காலனியில் நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆரம்பித்திருக்கிறோம். ஒரு அக்கா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "குழிக்குப் போனவங்க பேரு மட்டுந்தான் இருக்கு. அவங்க போட்டுட்டு வந்த துணியை உதறித் தொவைச்சவங்களுக்கும் இருமுதே, அதை எழுத மாட்டீங்களா தம்பி?" அதற்குத் தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்.