வாசலில் நிறுத்திய பாஷை

குழந்தைகளை இரண்டு பாஷையில் வளர்ப்பது பற்றி உபதேசம் செய்கிற நூல்கள் ஏராளம். அப்படி வளர்ந்த ஒரு பையன் என்ன சொல்கிறான் என்று கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஹ்யூகோ ஹாமில்டனின் 'தி ஸ்பெக்கிள்ட் பீப்பிள்' (2003) நூலைப் படிக்க வேண்டும். சுயசரிதைதான், நாவல் மாதிரி ஓடுகிறது.

1950களின் டப்ளின் நகரம். தகப்பனார் ஐரிஷ் வெறியர். தாயார் ஜெர்மனியிலிருந்து வந்தவர். தெருவெல்லாம் ஆங்கிலம். அதில் ஒரு வார்த்தை வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகளுக்குத் தண்டனை. இடுப்புக்குக் கீழே ஜெர்மன் தோல் கால்சட்டை, மேலே ஐரிஷ் கம்பளிச் சட்டை! தெருப் பையன்கள் 'நாஜி' என்று ஏசுகிறார்கள்.

தகப்பனாரை அரக்கனாக்கிவிட்டு ஆசிரியர் சுலபமாகத் தப்பித்திருக்கலாம். செய்யவில்லை. அலமாரிக்குள் ஒளித்துவைத்த ஒரு படத்தைப் பையன் பார்த்துவிடுகிறான். பிரிட்டிஷ் கடற்படை உடுப்பில் அவனுடைய தாத்தா! பெற்றவருக்காக வெட்கப்பட்ட மனிதர்தான் பிள்ளைகளைப் புது மனிதர்களாக்கத் துடித்தார் என்பது அந்த ஒரு படத்தில் விளங்கிவிடுகிறது. நம் நாவலாசிரியர்களாயிருந்தால் (என்னையும் சேர்த்துத்தான்) இதற்கு இரண்டு அத்தியாயம் பிரசங்கம் செய்திருப்போம்.

தாயாரின் ஜெர்மனோ கதையோடும் கேக்கோடும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிரம்பு வேண்டியிருக்கவில்லை.

ஒரு குறை உண்டு. குழந்தைக் குரலைக் கடைசிவரை விடாமல் பிடித்திருப்பதால், வளர்ந்தவனின் கோபம் பல இடங்களில் அடங்கிப்போகிறது. இவ்வளவையும் அவர் எழுதியிருப்பது ஆங்கிலத்தில். தகப்பனார் இதைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற நினைப்பு எனக்கு விடவேயில்லை.