உப்பளத்தில் ஓர் உள்ளான்: அரிய பறவையை அடையாளம் காணும் முறை

அரிய பறவையை அடையாளம் காணப் பறவை நோக்கர்களுக்கு இன்று இரண்டு துணைகள் உண்டு: ஆண்டுக்கணக்கில் கண்ணும் காதும் பழகிப் பெற்ற களத்தேர்ச்சி ஒன்று, தொலைநோக்கு லென்ஸ் பொருத்திய கேமரா தரும் படம் மற்றொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையைச் சுட்டு வீழ்த்தி, பாடம் செய்து, அருங்காட்சியகத்தில் வைத்தால்தான் அதைக் கண்டதாக ஏற்பார்கள். அமெரிக்காவில் லட்லோ கிரிஸ்கம் போன்றோர் துப்பாக்கி இல்லாமலே இனத்தைச் சொல்ல முடியும் என்று காட்டிய பிறகு, ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் வெளியிட்ட கையேடு அந்த வழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. துப்பாக்கி வகித்த இடத்தை இப்போது கேமரா பிடித்திருக்கிறது. படம் இல்லாத பதிவை ஐயத்தோடு பார்ப்பதும் இயல்பாகிவிட்டது.

இரண்டின் வலுவையும் குறையையும் பார்க்கக் கோடியக்கரை உப்பளங்களை ஒட்டிய சேற்று நிலம் நல்ல இடம். குளிர்காலத்தில் அங்கே கூட்டங்கூட்டமாக மேயும் கொசு உள்ளான்களுக்கு நடுவே, உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ள கரண்டிமூக்கு உள்ளானும் முன்பு பதிவாகியிருக்கிறது. வடகிழக்கு சைபீரியாவில் முட்டையிட்டு, குளிர்காலத்தைப் பெரும்பாலும் மியான்மர், வங்கதேசக் கடற்கரைகளில் கழிக்கும் இச்சிறு பறவைக்கு, பெயருக்கேற்ப அலகின் நுனி கரண்டிபோல் விரிந்திருக்கும். ஆனால் பக்கவாட்டில் நிற்கும்போது அந்த விரிவு தெரிவதே அரிது; நேர் எதிரே திரும்பினால்தான் புலப்படும். இதற்கு நேர்மாறாக, அலகு நுனியில் சேறு ஒட்டிய சாதாரணக் கொசு உள்ளானின் படம் கரண்டிமூக்கு உள்ளானாகத் தோன்றி ஆவலைக் கிளப்புவதும் உண்டு. குளிர்காலத்தில் இரண்டுக்கும் மேல்புறம் சாம்பல், அடிப்புறம் வெள்ளை, கால்கள் கறுப்பு; நீளத்திலும் ஓரிரு சென்டிமீட்டரே வேறுபாடு.

ஆகவே தேர்ந்த நோக்கர் அலகை விட்டுவிட்டு முதலில் மேய்ச்சலைப் பார்க்கிறார். கொசு உள்ளான் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேற்றின் மேற்பரப்பை விரைந்து கொத்தியபடி ஓடும். கரண்டிமூக்கு உள்ளானோ தலையைத் தாழ்த்தி, அலகை ஏறக்குறைய செங்குத்தாக வைத்து, ஆழமில்லாத நீரிலும் குழைசேற்றிலும் பக்கவாட்டில் துழாவிக்கொண்டே நகரும். தலை சற்றுப் பெரியது, நெற்றி வெளுத்தது. இப்படி அசைவு, நிற்கும் பாங்கு, உடல் அளவுகளின் விகிதம் எல்லாம் சேர்ந்து ஒரு பறவைக்குத் தரும் தனித் தோரணையைப் பறவை நோக்கர்கள் ‘ஜிஸ்’ என்பார்கள். தெருமுனையில் வரும் உறவினரை முகம் தெரியுமுன்பே நடையை வைத்துச் சொல்வதற்கு ஒப்பானது இது. ஆயிரம் கொசு உள்ளான்களைப் பொறுமையாகப் பார்த்தவருக்கே ஆயிரத்தொன்றாவது பறவையின் நடை உறுத்தும் என்பதால், அரியதை ரசிக்க விரும்புவோர் சாதாரணமானதில் தொடங்குவதே முறை. கேமராவை எந்தப் பறவையின்மேல் திருப்ப வேண்டும் என்பதையும் அந்த உறுத்தல்தான் சொல்கிறது.

படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை களத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. தொலைநோக்கு லென்ஸ், முன்னும் பின்னுமாக நிற்கும் பறவைகளுக்கு இடையிலான தொலைவைச் சுருக்கிக் காட்டுவதால் அவற்றின் அளவை ஒப்பிடுவது பிழையாகிறது. நண்பகல் உப்பளத்தில் எழும் கானல் அலகின் வடிவத்தையே நெளித்துவிடுகிறது. கூர்மையூட்டும் மென்பொருள் இறகுகளின் ஓரத்தில் இல்லாத வெள்ளைக் கோட்டை வரைந்துவிடுவதும் உண்டு. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் உறைந்த ஒரு தோரணை, அப்பறவை நாள் முழுதும் நிற்கும் தோரணையாக இருக்க வேண்டியதில்லை. படத்தைப் பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. எடுத்தவர் பார்த்ததை எழுதி வைத்திருந்தால் மட்டுமே தெரியவரும்.

கைக்கு எட்டிய பறவையே சான்றாகப் போதாமல் போன கதையும் இந்தியாவில் உண்டு. பறவையியலாளர் ஹியூம் 1873இல் விவரித்த காட்டுச் சிற்றாந்தை 1884க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. 1914இல் குஜராத்தின் மாண்டவியில் சேகரித்ததாகப் பறவை சேகரிப்பாளர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் காட்டிய மாதிரி, அருங்காட்சியகத்திலிருந்து திருடி மறுபடி பாடம் செய்யப்பட்ட பழைய மாதிரியே என்பதைப் பமேலா ராஸ்முசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினர். பொய்யான இடத்தை ஒதுக்கி, உண்மையான மாதிரிகள் கிடைத்த பகுதிகளில் தேடியபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷாஹதா அருகே பறவை வெட்டவெளிச்சத்தில் அமர்ந்திருந்தது. புள்ளிகள் அருகிய உச்சந்தலை, கனத்த கால்கள், சிறகிலும் வாலிலும் அகன்ற பட்டைகள் என்று எங்கும் காணப்படும் புள்ளி ஆந்தையிலிருந்து அதைப் பிரிக்கும் கூறுகளைப் பாடம் செய்த மாதிரிகளிலிருந்து முன்பே கற்றிருந்ததால்தான் அதைக் கண்டவுடன் அறிய முடிந்தது. அப்போது எடுத்த படங்கள் அந்த அறிவைப் பிறர் சரிபார்க்க உதவின. அவ்வளவே அவற்றின் பங்கு, ஆனால் அது சிறிய பங்கன்று.

கண்ணுக்கு எட்டாததைக் கேமரா பிடித்துத் தரும் இடமும் உண்டு. தமிழகத்து ஈரநிலங்களுக்கு வலசை வரும் ஊசிவால் உள்ளானையும் ஸ்வின்ஹோ உள்ளானையும் களத்தில் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே இயலாத வேலை. உறுதியான வேறுபாடு வாலில்தான் இருக்கிறது. ஊசிவாலுக்குப் பொதுவாக 26 வால் இறகுகள், அவற்றில் வெளிப்புறத்தவை பெயருக்கேற்ப ஊசிபோல் மெலிந்தவை. ஸ்வின்ஹோவுக்குப் பொதுவாக 20. இந்த ஊசிகள் பறவை இறகு கோதும்போதோ சோம்பல் முறிக்கும்போதோ வால் விரியும் கணத்தில் மட்டுமே வெளித்தெரிகின்றன. காலையில் வரப்போரம் அசையாமல் உட்கார்ந்து, பறவை கோதத் தொடங்கும்வரை காத்திருந்து, வால் விரிந்ததும் தொடர்ச்சியாகப் படமெடுப்பவருக்கு ஒன்றிரண்டு படங்களில் இறகுகள் தனித்தனியே தெரியக்கூடும். தெரியாவிட்டால், அனுபவமுள்ளவர்கள் தங்கள் பட்டியலில் ‘ஊசிவால்/ஸ்வின்ஹோ உள்ளான்’ என்று சாய்கோடு இட்டு எழுதிவிட்டு அடுத்த பறவைக்குப் போய்விடுகிறார்கள்.